கூண்டு வங்களா

அளவுநாடாவின் ஒரு நுனி நிஃமத்தின் கையில்,
மறு நுனி என்னிடம்.
நடுவே நூற்றுச் சொச்சம் வருஷம் தொய்கிறது.
இறுக்கிப் பிடி, என்கிறேன்.

உட்துறைமுகத்தைப் பார்த்த மேட்டில்
கடதாசியில் இதற்கு ஆஷ்கோம் மனை என்று பெயர்.
ஓட்டோக்காரருக்குக் கூண்டு வங்களா.
கூரைக்கு மேலே செங்கல்லில்
மூன்று புகைக்கூண்டுகள்.
திருகோணமலையில், சித்திரை வெயிலில்
யார் குளிர்காய?

வரைபடம் கப்பலில் வந்தது.
பனி வழுக்கி விழவென்று சரித்த கூரை.
அந்திவெயில் உள்ளே வந்து இருந்து பேசிப் போகவென்று
மேற்குப் பார்த்த பெரிய சாலை, ஆளுயர யன்னல்கள்.
வைகாசி பிறந்தால் அந்தத் திசையிலிருந்துதான்
கச்சான் வரும்,
அடுப்பு வாயைத் திறந்து விட்டதுபோல.
அது வரைபடத்தில் இல்லை.

கட்டியவன் ஃபெயர்லி, கடற்படைச் சாமான்சாலை அதிகாரி.
கச்சேரிப் பெட்டியில் கிடந்த கடிதம் ஒன்றில்
தன் தமக்கைக்கு எழுதுகிறான்:
அப்பா முப்பது வருஷம் குதிரை கழுவிய மனை அது,
அதன் முன்வாசலை அவர் ஒருநாளும் மிதிக்கவில்லை,
இங்கே அதே வாசலைத் தேக்கில் போட்டிருக்கிறேன்,
பர்மாத் தேக்கு.

நல்லது.
பின்கட்டில் வேலைக்காரர் ஏறும் படியை அளந்தோம்.
அசல் வரைபடத்தில் அகலம் இரண்டரை அடி.
இங்கே ஒன்றே முக்கால்.
தட்டம் ஏந்தியவன் பக்கவாட்டில்தான் ஏறியிருப்பான்,
நண்டு மாதிரி.
குதிரைக்காரன் மகன் எந்த இடத்தில் சிக்கனம் பிடித்தான் பார்,
என்றேன்.
நிஃமத் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டான்.

கணப்படுப்பில் ஒருமுறைதான் நெருப்பு எரிந்ததாம்.
நாற்பத்திரண்டு ஏப்ரலில் யப்பான்காரன் குண்டு போட்ட காலை
ஆரோ கட்டுக்கட்டாய்க் கடதாசி கொளுத்தினார்கள்,
மூன்று கூண்டும் புகைத்தன என்பது ஊர்ப்பேச்சு.
பிறகு அதற்குள் மண்மூட்டை.
மண்மூட்டைக்குப் பிறகு புள்ளிமான்.
இப்போதும் ஒன்று படுத்திருக்கிறது,
சலவைக்கல்லில் தாடையை வைத்து.
நாடாவை அதன் முதுகுக்கு மேலாகத்தான் பிடித்தோம்.

பின்னேரம் கணக்கு உதைத்தது.
வெளியே அளந்தால் அறுபத்தோரடி.
உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால்
ஐம்பத்தொன்பதே முக்கால்.
திரும்ப அளந்தோம். நாடாவை மாற்றி அளந்தோம்.
ஒன்றேகால் அடியைக் காணோம்.

மேற்குச் சுவரைத் தட்டியபோது
உள்ளிருந்து வேறொருவர் தட்டியதுபோல் கேட்டது.
ஒரு சுவரில்லை, இரண்டு.
இடையில் வெறும் காற்று.
இறவாணத்துக்குக் கீழே விரல் நுழையும் துவாரங்கள் வரிசையாய்;
குருவிக்கென்று நினைத்திருந்தேன்.

கூலிப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு:
மேசன் சீனித்தம்பி,
செங்கல் வீணடித்ததற்காகப் பிடித்தம், பன்னிரண்டு ரூபா.

காரணம் கேட்டார்களா, தெரியாது.
கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருப்பாரா.
கச்சானைப் பற்றித் துரைக்கு
என்ன பாஷையில் சொல்வது?
பன்னிரண்டு ரூபாவுக்கு அந்தக் காலத்தில்
ஒரு குடும்பம் எத்தனை நாள் சாப்பிடும் என்று
நிஃமத் கேட்டான்.
எனக்கு அதுவும் தெரியவில்லை.
அவன் கன்னத்தைச் சுவரில் வைத்தான்.
"அக்கா, குளிருது."

வெளியே முற்றத்துப் புல் கருகிக்கொண்டிருந்தது.

வாங்குகிற ஹோட்டல் கம்பனி
மேற்குச் சுவரில்தான் ஏசிக் குழாய் இறக்கப்போகிறதாம்.
வெற்றிடம் என்று எழுதினால் சந்தோஷப்படுவார்கள்,
உடைக்கிற செலவு மிச்சம்.

பதினெட்டு வருஷத் தொழிலில்
ஒரு கோட்டைக்கூட நான் மாற்றிப் போட்டதில்லை.
அன்றிரவு உப்புவெளி அறையில் மின்விசிறி கிறீச்சிட,
அந்த ஒன்றேகால் அடியைக் கறுப்பாக நிரப்பி
ஓரத்தில் எழுதினேன்:
கருங்கல், திண்மம், துளைக்க உகந்ததல்ல.

விடிய நிஃமத் வரைபடத்தைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டான்.
அதிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பும்
ஒரு மான்மயிரும் விழுந்தன.